துக்கம் கேட்க வரும் டாக்டர்

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் யாராவது இறந்துபோனால், அந்த வாரக் கடைசியில் டாக்டர் என் பக்கம் வந்து நிற்பார். கையுறையைக் கழற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்பார்.

“சிஸ்டர், ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போயிட்டு வந்தப்பறம் ஊட்டுல சும்மாதானுங்க இருப்பீங்க?”

“எந்த ஊருக்கு சார்?”

ஊர்ப் பெயரைச் சொல்வார். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்து சேலை மாற்றிக்கொண்டு நிற்கும்போது அவருடைய பழைய வெள்ளைக் கார் தெருமுனையில் இருக்கும். “பூசை முடிஞ்சுது, எழவுக்குக் கெளம்பியாச்சா?” என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். முதலில் கிண்டல்தான். பிறகு அவரே எனக்குச் சீக்கிரம் காப்பி போட்டுக் கொடுக்கத் தொடங்கினார்.

கோவையில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அவர் இதய அறுவை மருத்துவர். நான் அவர் பக்கத்தில் நின்று கத்தியும் ஊசியும் எடுத்துக் கொடுக்கிற தியேட்டர் நர்ஸ். டாக்டர் கொடுமுடிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தும் பேச்சு மாறவில்லை. தரை துடைக்கிற அம்மாவையும் ‘ங்க’ போட்டுத்தான் கூப்பிடுவார். பிறந்து சில வாரமே ஆன குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைக்கும்போதும் “அழுவாதீங்க சாமி, ஆச்சுங்க” என்பார். ஆனால் நல்ல செய்தி சொல்லத் தெரியாதவர். ஆபரேஷன் நன்றாக முடிந்தால் வெளியே காத்திருக்கும் குடும்பத்திடம் ஜூனியர் டாக்டரைத்தான் அனுப்புவார். கெட்ட செய்தி என்றால் தானே போவார். அதோடு நிறுத்தாமல், காரியம் முடிந்த பிறகு வீடு தேடியும் போவார்.

போகும்போது கையில் ஒரு காகிதமும் இருக்காது. வீட்டில் எங்கே உட்காரச் சொல்கிறார்களோ அங்கே உட்காருவார். பெண்கள் இருக்கும் பக்கம் நான் போய்விடுவேன். அதற்காகத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார் என்று நினைக்கிறேன். அழுகை கொஞ்சம் அடங்கும்வரை காத்திருந்து, “என்ன நடந்துச்சுன்னு சொல்லீட்டுப் போலாம்னு வந்தனுங்க” என்று ஆரம்பிப்பார். எங்கே அறுத்தோம், எதைச் சரிசெய்யப் பார்த்தோம், எந்த இடத்தில் கை மீறிப்போனது, எல்லாவற்றையும் பள்ளிக்கூடம் போகாதவருக்கும் புரிகிற தமிழில் சொல்வார். விதி என்று சொல்ல மாட்டார். ஆண்டவன் என்று சொல்ல மாட்டார். கடைசியில், “காப்பாத்த முடியலீங்க” என்று முடிப்பார்.

சில வீடுகளில் சட்டையைப் பிடித்தார்கள். ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. அவர் வாசல் வெயிலில் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார். ஆனால் பெரும்பாலான வீடுகளில், அழுது கண் வீங்கிப்போன யாராவது ஒரு பெண் எழுந்து உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரோடு வருவாள். “குடிங்க, வெயில்ல வந்திருக்கறீங்க” என்பாள். எதிரி வந்தாலும் தண்ணீர் கொடுக்கிற ஊர் இது.

ஆஸ்பத்திரி நிர்வாகிக்கு இது பிடிக்கவில்லை. ஒருநாள் தியேட்டர் வாசலிலேயே வைத்துக் கேட்டார். “சார், நீங்க அங்க போய்ப் பேசற ஒவ்வொரு வார்த்தையும் நாளைக்குக் கோர்ட்டுக்கு வரும். தெரியுமில்லீங்களா?”

“வரட்டுங்க. அங்கயும் இதையேதான் சொல்லப் போறேன்.”

“எதுக்கு சார் இந்த வேலை?”

“உசுரு என்ற கையில போச்சுங்க. நான் போகாம ஆரு போவா?”

அவரை நல்லவர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நான் அப்படிச் சொல்லத் தயங்குவதற்குக் காரணம் கொடுமுடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் நடந்தது. மகனை இழந்த ஒரு வயசாளி. காவிரியில் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்து ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். டாக்டர் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“கடைசியா என்ற பையன் ஏதாச்சும் சொன்னானுங்களா?”

“மயக்கத்துல இருந்தாருங்க. ஒண்ணும் சொல்லலீங்க.”

“அப்பான்னு ஒரு வார்த்த?”

“இல்லீங்க.”

கிழவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். திரும்பி வரும் வழியில் நான் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். “ஒரு வார்த்தை ஆமான்னு சொல்லியிருந்தா என்ன சார்? அவர் நிம்மதியா இருந்திருப்பாரில்ல?”

“நான் சொன்ன பொய்யப் புடிச்சுட்டு சாகற வரைக்கும் உக்காந்திருப்பாருங்க சிஸ்டர்.”

அது சரியா தப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. ஈரோடு தாண்டும்வரை நான் அவரிடம் பேசவில்லை. நான் பேசாமல் இருப்பதையும் அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

சோமனூர் அக்கா வந்தது அதற்குப் பிறகு.

அவரை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். சோமனூரில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் விசைத்தறி ஓட்டுகிற குடும்பம். காலமெல்லாம் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவருக்கு மெதுவாகப் பேசவே வராது. வார்டில் அவர் ரகசியம் சொன்னால் மாடிப்படி வரை கேட்கும். எங்கள் டாக்டர்தான் அவருக்கு இதய வால்வு மாற்று ஆபரேஷன் செய்தார். நன்றாக நடந்தது. சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

சில மாதம் கழித்து விட்டு விட்டுக் காய்ச்சல். மாத்திரையில் அடங்கும், மறுபடி வரும். தறிப் பஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்திருக்கிறார்கள். நெஞ்சுத் தழும்பின் மேல்முனையில் ஒரு வீக்கம் வந்து, அது துடிக்க ஆரம்பித்த பிறகுதான் கிளம்பி வந்தார்கள்.

“டாக்டரு, என்ற நெஞ்சுக்கு வெளிய இன்னொரு நெஞ்சு மொளச்சு அடிக்குதுங்க” என்று அறைக்குள் நுழையும்போதே சொன்னார். கூட வந்த மகள் முகத்தைச் சுளித்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். அக்காவின் வீட்டுக்காரர் கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காராத மனிதர்.

டாக்டர் அந்த வீக்கத்தின் மேல் உள்ளங்கையை மெல்ல வைத்தார். அழுத்தவில்லை. உடனே எடுத்துவிட்டு என்னிடம் திரும்பினார். “இவங்கள நடக்க வுடாதீங்க சிஸ்டர். ஸ்ட்ரெச்சர் கொண்டாரச் சொல்லுங்க.”

ஸ்கேன் வந்தது. வால்வு மாற்றுவதற்காக டாக்டர் மகாதமனியை, அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயை, வெட்டித் திறந்து தைத்திருந்தார். அந்தத் தையல் வரிசையில் கிருமி புகுந்திருந்தது. சுவர் நைந்துபோய் அந்த இடம் ஒரு பை மாதிரி உப்பி, நெஞ்செலும்பில் ஒட்டிக்கொண்டு நின்றது.

அவர்கள் மூன்று பேரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார். “சைக்கிள் டியூப்பு நைஞ்ச எடத்துல பொடச்சுக்கும் பாருங்க, அந்த மாதிரிங்க. இது வெறும் பொடப்பு இல்லீங்க, உள்ள சீழ் புடிச்சிருக்குது. வுட்டா வெடிச்சிரும். மருந்து மட்டும் குடுத்தா நிக்காது. மறுபடியும் நெஞ்சத் தொறந்து, கெட்டுப்போனத அத்தனையும் வெட்டி எடுத்துப்போட்டு, புதுசா கொழாய் வெக்கோணும்.”

“பொழைப்பனுங்களா?”

“பாதிக்குப் பாதிங்க. அதுக்கு மேல சொன்னா பொய்யிங்க.”

மகள் கேட்டாள். “கிருமி எங்கிருந்து வந்துச்சு டாக்டர்?”

“தெரீலீங்க கண்ணு. எங்க கையிலிருந்து வந்திருக்கலாம். பல்லுலிருந்து, தோல்லிருந்துகூட வந்திருக்கலாம். தியேட்டரப் பூராம் சோதிச்சுப் பாத்துட்டோம். கண்டுபுடிக்க முடியல.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சென்னையில் இதைவிடப் பெரிய இடங்கள் இருக்கின்றன, இந்த மாதிரி நோயை அங்கே அதிகம் பார்த்திருக்கிறார்கள், நானே பேசி ஏற்பாடு செய்கிறேன் என்று சொன்னார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “நீங்க போட்ட தையலுங்க. நீங்களே பிரிச்சு நீங்களே போடுங்க. எங்க தறியில நூல் அந்துபோனா அடுத்த ஊட்டுக்காரன வந்து முடிபோடச் சொல்லுவமா?” என்றார். வார்டே சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை.

கிருமியைக் குறைக்க முதலில் வாரக்கணக்கில் ஊசி மருந்து ஏறியது. அக்கா படுக்கையை விட்டு இறங்கக் கூடாது, இருமக்கூடக் கூடாது. தினமும் சாயங்காலம் டாக்டர் வந்து கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்காருவார். பேச்செல்லாம் அக்காவுடையதுதான். புதுக் குழாய் மாட்டின் இதய உறையிலிருந்து செய்வது, அதில் சங்கடம் உண்டா என்று டாக்டர் ஒருநாள் கேட்டார். “எங்கூட்டுல ரெண்டு மாடு நிக்குதுங்க. அதுககிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்றேன்” என்றார் அக்கா. அன்றைக்குத்தான் டாக்டர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன்.

ஆபரேஷன் நாள் காலையில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பை எலும்போடு ஒட்டியிருந்ததால் ரம்பம் பட்ட கணமே வெடித்துவிடலாம். அதனால் முதலில் தொடையில் ரத்தக் குழாயைத் திறந்து, இதயத்தின் வேலையைச் செய்கிற மெஷினில் இணைத்தோம். உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரவைத்தோம். கை வைத்தால் சில்லென்று இருக்கிற அளவுக்குக் குளிர்ந்த பிறகு, மெஷினையும் நிறுத்தினார்கள். ரத்தம் ஓடவில்லை, இதயம் துடிக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் முக்கியமான வேலை முடிய வேண்டும்.

எலும்பு திறந்தது. பையைக் கீறியதும் சீழும் கட்டிய ரத்தமும் வழிந்தன. அதற்குள்ளே டாக்டர் முன்பு போட்ட நீல நூல் தையல் பிடிப்பில்லாமல் மிதந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொரு நூலாக எடுத்து நான் நீட்டிய கிண்ணத்தில் போட்டார். கெட்டுப்போன சுவரை, நல்ல சதை தெரியும்வரை, வெட்டிக்கொண்டே போனார். பழைய வால்வையும் எடுத்துவிட்டு வேறு வைத்தார். புதுக் குழாயைத் தைத்து முடித்ததும், வயிற்றுக்குள் குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையை மேலே இழுத்துக்கொண்டு வந்து அந்தக் குழாயைச் சுற்றிப் போர்த்தினார். ரத்த ஓட்டம் நிறைந்த திரை அது. மிச்சமிருக்கும் கிருமியோடு சண்டை போடும் என்பார். குழந்தைக்குத் துணி சுற்றுகிற மாதிரி பார்த்துப் பார்த்துச் சுற்றினார்.

உடம்பைச் சூடாக்கியதும் இதயம் தானாகவே துடித்தது. மயக்க மருந்து டாக்டர் முகமூடிக்குள்ளேயே ஏதோ கத்தினார். நான் மனசுக்குள் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அக்கா கண் விழித்தார். தொண்டையில் இருந்த குழாயை எடுத்திருந்ததால் குரல் கரகரவென்று காற்றாக வந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அவர் மெதுவாகப் பேசினார். குனிந்து காது கொடுத்துக் கேட்ட மகள் சிரித்தாள், அப்படியே அழுதாள். வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

எங்களுக்கு அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. காய்ச்சல் திரும்பி வந்தது. சிறுநீரகம் நின்றுபோனது. மருந்தை மாற்றினார்கள், டயாலிசிஸ் செய்தார்கள். டாக்டர் வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ஒரு காலை, ரவுண்ட்ஸ் வந்துகொண்டிருந்த நேரத்தில், அவருடைய கண் முன்னாலேயே ரத்த அழுத்தம் விழுந்துகொண்டே போய் அக்கா இறந்துபோனார்.

வழக்கமாக அந்த வாரமே கேட்பவர், இந்தமுறை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து வெகுநாள் கழித்துத்தான் வந்து நின்றார். “சோமனூருங்க” என்றார்.

தெரு முழுக்கத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர்கள் ஷெட் மட்டும் பூட்டிக் கிடந்தது. அக்காவின் வீட்டுக்காரர் எங்களைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, “வாங்க” என்றார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். பெண்கள் பக்கம் போகலாம் என்று நான் திரும்பினால் அங்கே யாரும் இல்லை. ஒறம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் போய்விட்டார்கள். அந்தப் பெண் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். “என்ன நடந்துச்சுன்னு சொல்லீட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

“எங்களுக்குத் தெரியும்” என்றாள் அவள். “நானும் கூடவேதான இருந்தேன்.”

“அம்மணி” என்றார் அப்பா.

“இல்லீங்கப்பா, கேக்கறேன். டாக்டர், நீங்க செத்தவங்க ஊட்டுக்கெல்லாம் போவீங்கன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. எதுக்குப் போறீங்க? எங்களுக்காகவா, உங்களுக்காகவா?”

பக்கத்து ஷெட்டில் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. அவள் அம்மாவைப் போலவே சத்தத்துக்கு மேலே பேசினாள். டாக்டர் தரையைப் பார்த்தார். ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடுங்கள் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். இந்த ஒருமுறையாவது.

“எனக்காகத்தானுங்க கண்ணு” என்றார்.

“சொல்லீட்டுப் போனா உங்களுக்கு மனசு லேசாயிரும். அப்படித்தானுங்களே?”

“கொஞ்சம் ஆகுமுங்க.”

“அப்ப இனி வராதீங்க. எங்களுக்கு லேசாகல. நீங்களும் வெச்சுக்குங்க.”

அப்பா அவளை உள்ளே போகச் சொன்னார். அவள் போகவில்லை. டாக்டர் எழுந்தார். அவளைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டினார், வகுப்பில் டீச்சர் சொன்னதைப் புரிந்துகொண்ட பையன் மாதிரி. கார் வரைக்கும் அப்பா கூட வந்தார். “சின்னப் புள்ளைங்க. மனசுல வெச்சுக்காதீங்க” என்றார். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், அவள் நெஞ்சைத் திறந்தவருக்கு ஆறுதல் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் எந்தத் துக்க வீட்டுக்கும் போகவில்லை.

நிர்வாகிக்குச் சந்தோஷம். எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் மிச்சமாயின. ஆனால் அவர் வேறு ஆளாகிக்கொண்டிருந்தார். யாராவது இறந்தால், கை கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் ஓட ஓட நின்றுகொண்டே இருப்பார். கூப்பிட்டால்தான் திரும்புவார். கஷ்டமான கேஸ்களை ஒவ்வொன்றாக வேறு இடங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். மகாதமனியில் கிருமி என்றால் பேச்சே இல்லை, சென்னைதான். முன்பெல்லாம் அவரால் அவ்வளவு பயங்கரமான ஆபரேஷனுக்குக் கை வைக்க முடிந்ததே, தோற்றால் அந்த வீட்டுக்குப் போய் உட்கார ஒரு நாற்காலி இருக்கிறது என்ற தைரியத்தில்தானோ என்று எனக்குத் தோன்றும். கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பம்ப்செட் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டுகிறவர். வேறொரு ஊரில் பைபாஸ் ஆபரேஷன் ஆனவர். மெஷினுக்காக மகாதமனியில் குழாய் செருகிய இடத்தில் கிருமி பிடித்து, அதே மாதிரி உப்பியிருந்தது. அவருக்கு அது தோல்வரைக்கும் வந்துவிட்டது. நெஞ்சுக் கட்டு சிவப்பாக நனைந்திருந்தது. ரத்தம் கொஞ்சம் வந்து நின்றிருந்தது. அடுத்தமுறை நிற்காது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

டாக்டர் அவருடைய மனைவியிடம், “சென்னைக்குக் கொண்டு போயிருங்க. ஆம்புலன்ஸ் தயார் பண்ணித் தாரேன்” என்றார்.

“வழியில ஒண்ணும் ஆகாதுங்களா?”

அவர் தயங்கினார். “ஆகலாமுங்க.”

“அப்ப இங்கயே செய்யுங்க.”

“இங்க செஞ்சாலும் ஆகலாமுங்க.”

“ஆனா இங்க நீங்க கூட இருப்பீங்கல்லங்க” என்றார் அந்த அம்மா. கெஞ்சவில்லை, அழவில்லை. பஸ் எப்போது வரும் என்று விசாரிப்பது போல் கேட்டார்.

டாக்டர் அந்த நனைந்த கட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “தியேட்டர ரெடி பண்ணுங்க சிஸ்டர்.”

தொடையில் குழாய் போட்டு மெஷினை ஓடவிட்டுத்தான் நெஞ்சைத் திறந்தோம். அப்படியும் எலும்பை விரித்ததும் ரத்தம் கொப்பளித்தது. எதுவும் தெரியவில்லை. அவர் அந்தச் சிவப்புக்குள் கையை விட்டு, கண்ணால் பார்க்காமலே ஓட்டையைக் கண்டுபிடித்து விரலால் அடைத்தார். உடம்பு குளிர்ந்து முடியும்வரை அந்த விரலை எடுக்கவில்லை. அவர் நெற்றி வியர்வையை இன்னொரு நர்ஸ் துடைத்துக்கொண்டே இருந்தார். மற்றதெல்லாம் சோமனூர் அக்காவுக்குச் செய்ததுதான். வெட்டி எடுத்தது, மாட்டு உறைக் குழாய், கொழுப்புத் திரை. அதே கைகள், அதே தையல்.

இவர் பிழைத்துக்கொண்டார்.

லேத்காரர் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் ஒரு பை நிறைய முருங்கைக்காய் கொண்டு வருவார். டாக்டர் அறை வாசலில் நின்று, “ஒருக்கா எங்கூட்டுக்கு வரோணுமுங்க” என்பார். டாக்டர் மரியாதையாகக் கும்பிட்டு, “பாக்கலாமுங்க” என்பார். ஒருமுறை லேத்காரர் போன பிறகு டாக்டர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“ஆருங்க சிஸ்டர் அவரு?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பெரியநாயக்கன்பாளையம் சார். விரல வெச்சு அடைச்சீங்களே.”

“ஓ. அந்த ஓட்டை நெனப்பிருக்குதுங்க. வலது பக்கம், கொஞ்சம் பின்னால தள்ளி.” விரலைக் காற்றில் வளைத்துக் காட்டினார். “மொகந்தானுங்க தெரீல. பொழச்சவங்க மொகமே எனக்கு நிக்கறதில்லீங்க.”

இறந்தவர்கள் ஒவ்வொருவரின் வீட்டு வாசலும் அவருக்கு நினைவிருந்தது. எந்த வீட்டில் வேம்பு நின்றது, எந்த வீட்டில் நாய் குரைத்தது என்றுகூடச் சொல்வார். நான் அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன். அத்தனை எழவு வீட்டுக்கும் கூடப் போனவள் நான். பிழைத்தவர் வீட்டுக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

டாக்டர் காலமாவதற்கு முந்தின வருஷம், ஒரு வாரக் கடைசியில், “சார், ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்து சும்மாதான் இருப்பேன்” என்று நானே சொன்னேன். அவருக்குப் புரிந்தது. வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கார் தெருமுனையில் வந்து நின்றது.

பெரியநாயக்கன்பாளையத்தில் பட்டறைகளுக்குப் பின்னால் சின்ன ஓட்டு வீடு. வாசலில் கோலம் பெரிதாகப் போட்டிருந்தார்கள். உள்ளே சோபாவில் புது விரிப்பு. “உள்ள வாங்க, உள்ள வாங்க” என்று இருவரும் கூப்பிட்டும் அவர் வாசலில் கிடந்த நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்துவிட்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. அவருக்கு வேறு மாதிரி உட்காரத் தெரியவில்லை.

அவர் தொண்டையைச் செருமினார்.

“என்ன நடந்துச்சுன்னா, மொதல்ல தொடையில கொழாய் போட்டோமுங்க...”

லேத்காரரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் நிறுத்தவில்லை. ரம்பம், ரத்தம், விரல், குளிர், வெட்டி எடுத்தது, தைத்தது, போர்த்தியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். லேத்காரர் வேறு யாருக்கோ நடந்ததைக் கேட்கிற மாதிரி வாயைத் திறந்து கேட்டார். நடுவில் அவர் கை தானாகச் சட்டைக்குள் போய்த் தழும்பைத் தொட்டது. கடைசிக்கு வந்ததும் டாக்டர் நின்றுவிட்டார். அந்த இடத்தில் சொல்ல அவருக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் பழக்கம். அது இங்கே பொருந்தாது.

“அப்பறம் நான் எந்திரிச்சுட்டனுங்க” என்றார் லேத்காரர்.

“ஆமாங்க” என்றார் அவர். “எந்திரிச்சுட்டீங்க.” லேத்காரரின் முகத்தை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள். டாக்டர் கொஞ்சமாகச் சாப்பிட்டார். கை கழுவினார். நான் அந்த அம்மாவிடம் பேசிக்கொண்டு இருக்கும்போதே எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டிவிட்டார். துக்க வீட்டிலிருந்து அப்படித்தான் கிளம்ப வேண்டும். சொல்லிக்கொள்ளக் கூடாது. இத்தனை வருஷத்தில் அவருக்கு வீடு என்றாலே அப்படித்தான் ஆகிப்போயிருந்தது.

அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. ஈரக் கையோடு பின்னாலேயே ஓடினார்.

“ஏனுங்க, ஏனுங்க! சொல்லாமக் கொள்ளாம கெளம்பறீங்களே. இது நல்லா இருக்கற ஊடுங்க. போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்த சொல்லீட்டுப் போங்க.”

அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பினார். லேத்காரர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே மனைவிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். டாக்டர் இரண்டு முறை ஆரம்பித்து இரண்டு முறையும் நிறுத்திவிட்டார்.

“போயிட்டு வாரேனுங்க” என்றார்.

சொன்ன பிறகும் அவர் போகவில்லை. கேட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நான் போய்க் காரில் உட்கார்ந்து காத்திருந்தேன்.